ஆளில்லாத மலை எங்கே இருக்கிறது? – இங்கிலாந்தின் குன்றுகளில் கமராவுடன் ஒரு நடை

ஆண்டிறுதி நெருங்கினால் இங்கிலாந்தின் புத்தகக் கடைகளில் சுவர் நாட்காட்டிகள் வந்து குவியும். அவற்றுள் மலைப் படங்களுக்குத் தனி இடம் உண்டு. மூடுபனி நிறைந்த பள்ளத்தாக்கு, கண்ணாடி போன்ற ஏரி, சரிவில் தனித்து நிற்கும் ஒரு மரம். பன்னிரண்டு மாதங்களையும் புரட்டிப் பார்த்தாலும் அவற்றில் மனிதர் ஒருவரைக் காண்பது அரிது.

இங்கிலாந்தின் வடபகுதியில் குடியேறிய பின்னர், விடுமுறை நாட்களில் கமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு மலையேறுவது என் வழக்கமாகிவிட்டது. அந்த நாட்காட்டிப் படங்களை எடுக்கும் ஆசையோடுதான் நானும் தொடங்கினேன். நடக்க நடக்க வேறொன்று புரிந்தது. இந்த மலைகளில் மனிதரின் கை படாத இடம் ஏறக்குறைய இல்லை. அவற்றில் கால் வைக்கும் உரிமைக்காகச் சிறை சென்றவர்களும் உண்டு. இதைத் தெரிந்துகொண்டு நடப்பவருக்கு மலையும் வேறாகத் தெரியும், எடுக்கும் படமும் வேறாக அமையும். இங்கே கமராவுடன் நடக்க விரும்புவோருக்குப் பயன்படக்கூடிய செய்திகளை, அந்தப் பார்வையோடு சேர்த்துத் தருகிறேன்.

எந்த மலைகள்?

உயரத்தை மட்டும் பார்த்தால் இவை சிறிய மலைகள். நாட்டிலேயே உயரமான ஸ்காஃபெல் பைக் 978 மீற்றர்தான். அது லேக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவில் இருக்கிறது. மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் இடையே பரந்து கிடக்கும் பீக் டிஸ்ட்ரிக்ட், பிரித்தானியாவின் முதலாவது தேசியப் பூங்கா. 1951 ஏப்ரலில் அது அறிவிக்கப்பட்டது. அங்குள்ள மிக உயர்ந்த மேட்டு நிலமான கிண்டர் ஸ்கவுட்டின் உயரம் 636 மீற்றர். இவ்விரண்டுக்கும் இடையே யோர்க்‌ஷயர் டேல்ஸ். அங்கே வேர்ன்சைட், இங்கிள்பரோ, பென்-இ-கென்ட் என்ற மூன்று சிகரங்களையும் ஒரே நாளில் நடந்து முடிப்பவர்கள் ஏராளம்.

உயரம் குறைவு என்பது ஒளிப்படம் எடுப்பவருக்கு வசதி. காலையில் அடிவாரத்தில் தொடங்கினால் நண்பகலுக்குள் உச்சியில் நிற்கலாம். ஒரே நாளில் காடு, ஓடை, புல்வெளி, பாறை விளிம்பு, கரிய சதுப்பு நிலம் எல்லாவற்றையும் கடந்துவிடலாம். காரும் கட்டாயமில்லை. மான்செஸ்டர் – ஷெஃபீல்ட் தொடருந்துப் பாதையில் ஈடேல் நிலையத்தில் இறங்கினால், சிறிது நேர நடையில் மலைப்பாதை தொடங்கிவிடும். லேக் டிஸ்ட்ரிக்ட்டின் 214 குன்றுகளுக்கு ஏழு தொகுதிகளில் கையால் எழுதி வரைந்து வழிகாட்டி நூல் தந்த அல்பிரட் வெயின்ரைட், கென்டல் நகரசபையின் பொருளாளராக வேலை பார்த்தவர். அவர் கார் ஓட்டியதில்லை. வார இறுதிகளில் பேருந்தில் போய் இறங்கி, நடந்து, படம் எடுத்து வந்து, அந்தப் படங்களைப் பார்த்தே தன் கோட்டோவியங்களை வரைந்தார். 1955 முதல் 1966 வரை அந்த நூல்கள் வெளிவந்தன.

பாதையின் கதை

ஈடேலில் இருந்து கிண்டர் ஸ்கவுட்டுக்கு இன்று யாரும் ஏறலாம். ஆனால் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னர் நிலைமை வேறு. அந்த மேட்டு நிலம் பிரபுக்களின் தனிச்சொத்து. கிரவுஸ் என்ற பறவையை ஆண்டில் சில நாட்கள் வேட்டையாடுவதற்காக, ஆண்டு முழுவதும் அங்கே காவலர்கள் நிறுத்தப்பட்டிருந்தனர். அதன் இருபுறமும் மான்செஸ்டர், ஷெஃபீல்ட் ஆலைகளில் வேலை செய்த மக்கள் இருந்தனர். அவர்களுக்குக் கிடைத்த ஒரே ஓய்வுநாள் ஞாயிறு. புகை சூழ்ந்த தெருக்களில் இருந்து பார்த்தால் தெரியும் மலை, ஏற முடியாத மலையாக இருந்தது.

1932 ஏப்ரல் 24 அன்று சில நூறு இளைஞர்கள் ஹேஃபீல்ட் என்ற ஊரில் கூடி, தடையை மீறி மேலே ஏறினார்கள். முன்னின்றவர் 20 வயதான பென்னி ரொத்மன். காவலர்களுடன் கைகலப்பு ஏற்பட்டது. பிறர் நிலத்தில் நுழைவது அன்றைய சட்டத்தில் குற்றவியல் குற்றமாக இருக்கவில்லை. ஆகவே கலகம், தாக்குதல் போன்ற குற்றச்சாட்டுகளின் கீழ் ஐந்து பேருக்கு இரண்டு முதல் ஆறு மாதங்கள் வரை சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. தண்டனையின் கடுமையே பொதுமக்களின் அனுதாபத்தை நடப்பவர்கள் பக்கம் திருப்பியது. 2002இல், எழுபதாவது ஆண்டு நிகழ்வின்போது, அன்றைய டெவன்ஷயர் பிரபு தன் குடும்பத்தின் முன்னைய செயலுக்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

1949இல் தேசியப் பூங்காக்களுக்கான சட்டம் வந்தது. ஈடேலில் தொடங்கி ஸ்கொட்லாந்து எல்லை வரை 431 கிலோமீற்றர் நீளும் பெனைன் வே நெடும்பாதை 1965இல் திறக்கப்பட்டது. அதற்குத் தெரிவுசெய்யப்பட்ட நாளும் ஏப்ரல் 24 தான். 2000ஆம் ஆண்டுச் சட்டம் மலை, மேட்டுப் புல்வெளி, பொதுநிலம் ஆகியவற்றில் பாதையை விட்டு விலகியும் நடக்கும் உரிமையைத் தந்தது. இங்கிலாந்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 8 வீதம் இவ்வாறு திறந்திருக்கிறது. மிகுதி நிலத்தில் பொதுப் பாதைகளை மட்டுமே பயன்படுத்தலாம்.

இது வரலாறு மட்டுமன்று, படம் எடுப்பவருக்கு அன்றாடத் தேவையும்கூட. ஓர்ட்னன்ஸ் சேர்வே நிறுவனத்தின் 1:25,000 அளவு வரைபடத்தில் பொதுப் பாதைகள் பச்சைக் கோடுகளாகக் காணப்படும். தடையின்றி நடக்கக்கூடிய நிலம் வெளிர்மஞ்சள் நிறத்தில் இருக்கும். படத்துக்கான கோணத்தைத் தேடி வேலிக்கு அப்பால் கால் வைக்கும் முன்னர் அந்த நிறத்தைப் பார்ப்பது நல்லது. பொதுப் பாதையில் நின்று சொந்தத் தேவைக்காகப் படம் எடுக்க யாரிடமும் அனுமதி வேண்டியதில்லை. வணிகத் தேவைக்கான படப்பிடிப்புக்கு நில உரிமையாளரின் அனுமதி வேண்டும். பரந்த மலை நிலங்களை வைத்திருக்கும் நஷனல் ட்ரஸ்ட் அமைப்பு, தன் நிலத்தில் இருந்து அனுமதியின்றி ட்ரோன் பறக்கவிடுவதைத் தடை செய்திருக்கிறது.

சாய்ந்து விழும் ஒளி

யாழ்ப்பாணத்தில் மார்கழி மாதத்து நடுப்பகல் சூரியன்கூட 55 பாகைக்கு மேல் உயர்ந்து நிற்கும். பீக் டிஸ்ட்ரிக்ட்டில் அதே நாள் நண்பகலில் சூரியன் 13 பாகைக்கு மேல் எழுவதில்லை. காலை எட்டே கால் தாண்டித்தான் விடியும். பிற்பகல் நான்கு மணிக்கு முன்னரே மறைந்துவிடும். ஆனால் அந்த ஏழரை மணி நேரமும், வானம் தெளிந்திருந்தால், ஒளி சாய்வாகவே விழும். கற்சுவர்கள், ஏர் பட்ட பழைய வரப்புகள், ஆட்டுத் தடங்கள் எல்லாவற்றுக்கும் நீண்ட நிழல் கிடைக்கும். தட்டையாகத் தெரிந்த சரிவு மேடும் பள்ளமுமாக உருவம் பெறும். குளிர்காலத்தில் நடக்க எனக்கு அதிகம் பிடிப்பதற்கு இதுவே காரணம்.

கோடையில் இதற்கு மாறு. ஜூன் நடுவில் காலை நாலே முக்காலுக்குள் சூரியன் உதித்து, இரவு ஒன்பதரைக்குப் பின்னரே மறையும். நடுப்பகல் ஒளி கூர்மையானது. பச்சை நிறம் எங்கும் ஒரே மாதிரித் தெரியும். நல்ல ஒளி வேண்டுமென்றால் ஒன்று தூக்கத்தை விட வேண்டும், அல்லது இரவு உணவைப் பிந்திப் போட வேண்டும்.

நிறங்களுக்கும் ஒரு நாட்காட்டி உண்டு. மே மாதம் காடுகளில் நீலமணிப் பூக்கள். ஜூனில் டேல்ஸ் பள்ளத்தாக்குகளின் வைக்கோல் புல்வெளிகளில் பலநிறப் பூக்கள். ஓகஸ்டில் ஹெதர் செடிகள் பூத்து மேட்டு நிலம் முழுவதும் ஊதா நிறமாகும். ஒக்டோபரில் பிராக்கன் என்ற பன்னச் செடிகள் காய்ந்து துருவின் நிறம் கொள்ளும். மேகம் மூடிய நாளை வீணான நாள் என்று நினைக்கத் தேவையில்லை. அருவிக்கும் காட்டுக்கும் அந்த மென்மையான ஒளிதான் பொருத்தம்.

மூடுபனிக்கு மேலே

பலரும் தேடி ஏறுவது பள்ளத்தாக்கில் பால் ஊற்றியதுபோல் மூடுபனி நிறைந்திருக்கும் காட்சியை. வழக்கமாக உயரம் கூடக் கூடக் குளிரும் கூடும். காற்றில்லாத, வானம் தெளிந்த நீண்ட இரவில் நிலம் தன் வெப்பத்தை இழந்துவிட, அதையொட்டிய குளிர்ந்த கனமான காற்று சரிவு வழியே பள்ளத்தாக்கில் இறங்கித் தங்கிவிடும். மேலே இருப்பது அதைவிட வெப்பமான காற்று. கீழே சிக்கிய ஈரம் பனிப்படலமாகும். இலையுதிர்காலம் முதல் இளவேனிலின் தொடக்கம் வரை, வளிமண்டல அழுத்தம் உயர்ந்த நாட்களில், விடியற்காலையில் இதை எதிர்பார்க்கலாம். மலைப் பகுதிகளுக்கென்று தனியாக வெளியிடப்படும் வானிலை அறிக்கையில் காற்றின் வேகத்தையும் மேகத்தின் அடிமட்ட உயரத்தையும் முதல்நாள் இரவே பார்த்துவிடுவேன்.

இதற்குப் பேர்போன இடம் காசில்டன் ஊருக்கு மேலுள்ள 517 மீற்றர் உயரமான மாம் டோர். அங்கிருந்து நீளும் முகட்டுப் பாதைக்குக் கற்பலகைகள் பாவப்பட்டுள்ளன. அந்தப் பாதையே படத்துக்குள் கண்ணை இழுத்துச் செல்லும் கோடு. மாம் டோருக்கு ‘நடுங்கும் மலை’ என்றும் பெயருண்டு. அதன் கிழக்குச் சரிவு ஓயாமல் நழுவிக்கொண்டிருப்பதால், அதன் குறுக்கே சென்ற வீதி 1979இல் நிரந்தரமாக மூடப்பட்டது. உடைந்த தார் அடுக்குகள் இன்றும் அப்படியே கிடக்கின்றன.

அந்தப் பனிக்கடலின் நடுவே ஒரு புகைபோக்கி எழுந்து நிற்கும். அது ஹோப் பள்ளத்தாக்கின் சீமெந்துத் தொழிற்சாலை. 1929 முதல் இயங்கி வருகிறது. அதை வெட்டிவிட்டோ அழித்துவிட்டோ படத்தை வெளியிடுபவர்கள் உண்டு. நான் அதை வைத்தே எடுக்கிறேன். அந்தப் பள்ளத்தாக்கில் சீமெந்து செய்யச் சுண்ணாம்புக்கல் இருக்கிறது. அந்தக் கல் இருப்பதால்தான் பக்கத்தில் வின்னட்ஸ் கணவாயின் செங்குத்தான வெண்பாறைகளும் இருக்கின்றன. ஒன்றை ரசித்து மற்றதை மறைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இயற்கை என்று நாம் நினைப்பது

கமராவின் சிறிய சட்டத்துக்குள் பார்க்கத் தொடங்கினால் மலையில் மனித உழைப்பு எங்கும் தெரியும். சாந்து இல்லாமல் கல்லின் மேல் கல் அடுக்கிய அந்த நீண்ட சுவர்களில் பெரும்பகுதி, 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில் பொதுநிலங்களைத் தனியார் நிலங்களாகப் பிரித்த சட்டங்களின் விளைவு. படத்துக்கு அழகான கோடு. அன்று அந்த நிலத்தில் மாடு மேய்த்த ஏழைக்கு அதுவே வேலி. லேக் டிஸ்ட்ரிக்ட்டின் மலைகள் மரமின்றி மொட்டையாக இருப்பதற்கு நூற்றாண்டுக் கணக்கான செம்மறி மேய்ச்சல் முக்கிய காரணம். 2017இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோது, பண்பாட்டு நிலக்காட்சி என்ற வகையிலேயே சேர்த்தது. ஓகஸ்டு மாதத்து ஊதா நிறத்துக்கும் பின்னணி உண்டு. கிரவுஸ் பறவைக்கு இளந்தளிர் கிடைப்பதற்காக ஹெதரைப் பகுதி பகுதியாக எரித்துப் பேணி வந்த நிலம் அது.

பீக் டிஸ்ட்ரிக்ட்டின் லேடிபவர் நீர்த்தேக்கம் இன்னொரு உதாரணம். சூழவுள்ள நகரங்களின் குடிநீருக்காக 1935 முதல் 1943 வரை கட்டப்பட்டது. டேர்வென்ட், அஷொப்டன் என்ற இரண்டு ஊர்கள் அதனடியில் மூழ்கின. 1976, 1995, 2018 போன்ற வறட்சி ஆண்டுகளில் நீர் வற்றியபோது டேர்வென்ட் ஊரின் கற்கள் மீண்டும் வெளியே தெரிந்தன. நீர் நிறைந்திருக்கும்போது அது அமைதியான ஏரிப் படம். கீழே வீடுகள் இருந்ததை அறிந்தவருக்கு அதே படத்தின் பொருள் மாறிவிடும்.

படத்தில் இடம் யாருக்கு?

இந்தக் கேள்வியை எனக்கு முன்னரே கேட்டவர்கள் இருக்கிறார்கள். ஃபே கொட்வின் கறுப்பு வெள்ளையில் நிலத்தைப் படம்பிடித்தவர். 1985இல் வெளிவந்த அவரது ‘லாண்ட்’ என்ற நூல் புகழ்பெற்றது. 1987 முதல் 1990 வரை அவர் நடைபயணிகள் சங்கத்தின் தலைவராக இருந்தார். 1990இல் வந்த ‘அவர் ஃபொர்பிடன் லாண்ட்’ நூலில் வேலிகளையும் தடைப்பலகைகளையும் மூடப்பட்ட வழிகளையும் படமாக்கினார். அழகான நிலக்காட்சி எடுக்கத் தெரிந்தவர், அந்த அழகை யார் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்பதையும் காட்டினார்.

கயானாவில் பிறந்த இங்கிரிட் பொலார்ட் 1980களின் இறுதியில் ‘பாஸ்டரல் இன்டர்லூட்’ என்ற படவரிசையை உருவாக்கினார். லேக் டிஸ்ட்ரிக்ட் போன்ற கிராமப்புறத்தில் கறுப்பின மக்கள் நிற்கும் படங்களுக்குக் கையால் வண்ணம் தீட்டி, அங்கே தாம் உணரும் அச்சத்தையும் அந்நியத்தையும் வாசகங்களாகச் சேர்த்தார். கறுப்பினத்தவர் என்றால் நகரத்துக்குரியவர்கள், இந்த மலை வேறு யாருக்கோ உரியது என்ற எண்ணத்தை அந்தப் படங்கள் நேராகக் கேள்வி கேட்கின்றன. 2022இல் அவர் டேர்னர் பரிசுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்றார்.

அந்தப் படங்களின் பொருள் எனக்கு மலைப்பாதையில் புரிந்தது. எதிரே வருவோர் பெரும்பாலும் வணக்கம் சொல்லி, வானிலை பற்றி ஒரு வார்த்தை பேசிவிட்டுத்தான் கடப்பார்கள். ஆனாலும், எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டவருக்கு நான் குடியிருக்கும் ஊரின் பெயரைச் சொன்னால் அந்தப் பதில் போதாமல் போவதும் உண்டு. அதனால் தனியே நின்ற மலையை மட்டும் எடுப்பதைக் குறைத்துக்கொண்டேன். உடன் வரும் நண்பர்களைப் பாதையில் நடக்கவிட்டு, அவர்கள் சிறு உருவங்களாகத் தெரியும் தூரம்வரை காத்திருந்து எடுக்கிறேன். மலையின் அளவும் தெரிகிறது, அங்கே நாமும் இருந்தோம் என்பதும் பதிவாகிறது.

எதைச் சுமப்பது, எப்படித் திரும்புவது

நடையில் ஒவ்வொரு கிலோவும் கணக்கு. ஒரு கமரா, அகலத்தில் இருந்து நடுத்தரத் தொலைவு வரை எட்டும் ஒரு லென்ஸ், எடை குறைந்த முக்காலி, ஈரம் துடைக்க இரண்டு மூன்று துணிகள் போதும். பகலில் எஃப் 8 முதல் எஃப் 11 வரையான துளை, குறைந்த ஐஎஸ்ஓ போதுமானவை. அருவி நீர் பட்டுநூல்போல் தெரிய வேண்டுமானால் ஷட்டரைக் கால் விநாடி முதல் ஒரு விநாடி வரை திறந்து வைக்க வேண்டும், அதற்கே முக்காலி. ஈரப்பாறையிலும் இலைகளிலும் உள்ள பளபளப்பைக் குறைக்கப் போலரைசர் வடிகட்டி உதவும். வெண்பனியைக் கமரா சாம்பல் நிறமாக்கிவிடும் என்பதால், ஒளியளவை ஒரு படி கூட்டி எடுக்க வேண்டும். குளிரில் பற்றரி விரைவில் இறங்கும். மேலதிக பற்றரியை உட்சட்டைப் பையில் வைப்பது நல்லது. கைத்தொலைபேசியால் எடுப்பவர்கள் வானத்தின் பிரகாசமான பகுதியைத் தொட்டு ஒளியளவைப் பூட்டிவிட்டால் மேகங்கள் வெளிறிப்போகாது.

இவற்றைவிட முக்கியமானவை மழையங்கி, கம்பளிச் சட்டை, பிடிமானமுள்ள சப்பாத்து, காகித வரைபடம், திசைகாட்டி, நெற்றி விளக்கு. 150 மீற்றர் ஏறும்போது வெப்பநிலை ஏறத்தாழ ஒரு பாகை இறங்கும். காற்று அதை இன்னும் குளிராக்கும். லேக் டிஸ்ட்ரிக்ட்டின் சீத்வெயிட் என்ற ஊரில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. சூரியன் மறையும் காட்சிக்காக உச்சியில் காத்திருப்பவர் இருட்டில்தான் இறங்க வேண்டியிருக்கும் என்பதைப் புறப்படும்போதே கணக்கிட வேண்டும். ஹெல்வெல்லின் மலையின் ஸ்ட்ரைடிங் எட்ஜ் போன்ற கூரிய முகடுகளில் குளிர்காலத்தில் பனிக்கோடரியும் சப்பாத்தில் மாட்டும் இரும்பு முட்களும் இல்லாமல் கால் வைக்கக்கூடாது. அந்த மலையின் அன்றைய நிலையை நேரில் ஏறிப் பார்த்து அறிவிப்பதற்கென்றே குளிர்காலத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். அந்த அறிக்கையைப் படிக்காமல் புறப்பட வேண்டாம். ஆபத்து நேர்ந்தால் 999ஐ அழைத்து, பொலிஸ் பிரிவைக் கேட்டு, மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்ல வேண்டும். குழுவினர் தொண்டர்கள், கட்டணம் வாங்குவதில்லை. தொலைபேசி இயங்காத இடத்தில் நிமிடத்துக்கு ஆறு விசில் ஒலி அல்லது ஆறு விளக்கு மின்னல் என்பதே உதவி கோரும் சைகை.

ஒரு மரம் சொன்னது

நோர்த்தம்பர்லாந்தில், ரோமானியர் கி.பி. 122இல் கட்டத் தொடங்கிய ஹேட்ரியன் சுவரை ஒட்டிய ஒரு பள்ளத்தில் தனியாக ஒரு சிக்கமோர் மரம் நின்றது. 1991இல் ரொபின் ஹூட் திரைப்படத்தில் தோன்றியது. இங்கிலாந்தில் மிக அதிகமாகப் படமெடுக்கப்பட்ட மரங்களுள் ஒன்று. 2023 செப்டெம்பர் 27 இரவுக்கும் மறுநாள் விடியலுக்கும் இடையே அது அறுத்து வீழ்த்தப்பட்டது. குற்றவாளிகளாகக் காணப்பட்ட இருவருக்கும் 2025 ஜூலையில் தலா நான்கு ஆண்டுகளும் மூன்று மாதங்களும் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

செய்தி வந்தபோது மக்கள் அழுதார்கள். காட்டில் நாளாந்தம் எத்தனையோ மரங்கள் விழுகின்றன. இந்த மரத்துக்கு மட்டும் ஏன் இத்தனை துயரம்? நடந்துபோய் அதனருகே நின்றவர்கள், அங்கே திருமணப் பேச்சை எடுத்தவர்கள், பெற்றோரின் சாம்பலைத் தூவியவர்கள் ஏராளம். ஆளில்லாத நிலக்காட்சியின் அடையாளமாக நாட்காட்டிகளில் தொங்கிய மரத்தைச் சுற்றி அத்தனை மனிதர்கள் இருந்திருக்கிறார்கள். படங்களில் அவர்கள் இல்லை, அவ்வளவுதான். அடிமரத்தில் இருந்து 2024இல் புதிய தளிர்கள் வந்தன. அதன் விதைகளிலிருந்து வளர்க்கப்பட்ட 49 கன்றுகள் நாட்டின் பல பகுதிகளுக்கும் வழங்கப்பட்டுள்ளன.

கமராவுடன் இந்த மலைகளுக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். நல்ல ஒளிக்குக் காத்திருங்கள், பனிக்கும் காத்திருங்கள். சுவர் வந்தால் அதை ஒதுக்காமல் சட்டத்துக்குள் சேருங்கள். புகைபோக்கியும் ஆட்டுப்பட்டியும் பாதைப்பலகையும் இருந்துவிட்டுப் போகட்டும். எதிரே ஒருவர் நடந்து வந்தால், அவர் கடந்து போகும்வரை கமராவைத் தாழ்த்த வேண்டாம். அனுமதி பெற்று, அவரையும் சேர்த்தே எடுங்கள்.